பழைய எண், புதிய எண்

பதினொன்று நாற்பதுக்கு கஜபதி கூப்பிட்டார்,
புளியந்தோப்பிலிருந்து.
அவர் குரலுக்கு முன்னால் மழை வந்தது.
"மேடம், முட்டிக்கு மேல ஏறிடுச்சு.
இந்தத் தெரு வடிகால் எந்தப் பக்கம் போவுது?
படம் உங்ககிட்டதான் இருக்கணும்."

இருக்கணும்.
மண்டலத்துக்குள் வார்டு, வார்டுக்குள் தெரு,
தெருவுக்குள் மூடி, மூடிக்குள் நாலு போட்டோ.
ஆறு வருடமாய் வளர்ந்த மரம்,
வேர் மேலே, இலை கீழே.
வர்தா அடித்த மறுநாள்
எங்கள் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம்
அப்படித்தான் கிடந்தது,
வேரால் வானத்தைப் பிடித்துக்கொண்டு.

மவுஸைத் தள்ளி வைத்தேன்.
மஞ்சள் பைகளை ஒவ்வொன்றாய்த் தட்டித் திறந்தால்
விடிந்துவிடும், அவருக்கு இடுப்பளவு ஆகிவிடும்.
கறுப்புத் திரை. கர்சர்
தாழ்ப்பாள் இல்லாத கதவாய்
அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு புள்ளி, நிற்கும் இடம்.
இரண்டு புள்ளி, ஒரு படி மேலே.
தனிச் சாய்கோடு, வேர்.
ஒழுங்கான ஊர்தான் இது, கேட்பதற்கு.
ஆனால் வார்டு எண்களை மாற்றிய வருடம்
பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு
யாரோ ஓர் இணைப்புப் போட்டார்.
புதியதன் வயிற்றிலிருந்து மண்டல வாசலுக்கு
வேறு யாரோ இன்னொன்று.
என் பழைய ஸ்கிரிப்டை ஏவினேன்.
கத்திபாராவில் இறங்கத் தெரியாத ஷேர் ஆட்டோ போல
உள்ளே போய் வெளியே வந்து
உள்ளே போய்…
கன்ட்ரோல் சி.

"மேடம்?"
"லைன்ல இருங்க."

இந்தத் தடவை எங்கே என்று கேட்கவில்லை.
போன செப்டம்பருக்குப் பிறகு வந்தது.
பெயரில் எங்கேயாவது புளியந்தோப்பு
(அதை ஆங்கிலத்தில் எழுத
ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள்,
சந்தேகமான இடத்தில் ஒரு நட்சத்திரம்).
இணைப்புகளைப் பார், பின்னால் போகாதே.
குப்பை என்ற கிளையில் கால் வைக்காதே.
என்டர்.

ஃபைண்ட் கிளம்பியது
வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பவளைப் போல.
காலி வீடு. காலி வீடு.
அனுமதி இல்லை.
அனுமதி இல்லை: தேவசகாயம் ரிடயரான அன்று பூட்டியது,
இன்னும் அவர் பெயரில்தான்.
பெயருக்கு முன் புள்ளி வைத்துக்கொண்டு
யார் கண்ணிலும் படாமல் குடியிருந்த ஒன்று.
'இறுதி'. அதற்குள் 'இறுதி புதுசு'.
அதற்குள் 'இதுதான் இறுதி'.

பன்னிரண்டு ஐந்துக்கு ஒரே ஒரு வரி.
பதினோரு சாய்கோடு நீளத்துக்கு விலாசம்.
கடைசியில் ஒரு பெயர்:
இடப்பக்கம், ஓட்டேரி நல்லா சேருமிடம்.

திறந்தேன்.
சிவப்பாய்த் துடித்தது.
பெயர் இருக்கிறது,
பெயர் சுட்டும் இடம் இல்லை.

"இடப்பக்கம்னு போட்டிருக்கு கஜபதி. ஆனா—"
"இடப்பக்கம் சுவருதான் மேடம். புதுச் சுவரு.
இன்னும் பெயின்ட் வாசனை போவல."

பிறகு பேசவில்லை அவர்.
தண்ணீரில் ஒருவர் நடக்கும் சத்தம்.
கடப்பாரை எதையோ தட்டி,
இல்லை என்று திரும்பி, இன்னும் கொஞ்சம் போய்
மறுபடி தட்டும் சத்தம்.
என்னிடம் கட்டளை எதுவும் மிச்சமில்லை.
போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மேடம், வலப்பக்கம் டீக்கடைக்கு அடியில
ஏதோ இழுக்குது. கால்ல தெரியுது."

எந்த வரைபடத்திலும் இல்லாத வாய்.
தண்ணீர் யாரிடமும் அனுமதி கேட்காமல்
அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

வார்டுக்குள் போய்
புதிதாக ஓர் அடைவு உண்டாக்கினேன்.
தெரு பெயர், தேதி, மூடி எண் என்று
விதிப்படி வைக்க வேண்டும்.
மூடியே இல்லையே.
'கஜபதி கால்' என்று அடித்தேன்.
நட்சத்திரம் போட்டுத் தேடினாலும்
அடுத்த மழையில்
யாருக்கும் கிடைக்கப்போவதில்லை.